காய்ச்சலை யாரிடம் சொல்வார்கள்? வடசென்னையும் அடுத்த பெருந்தொற்றும்

2020 மே மாதம், கொரோனாவின் முதல் அலை. ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. பதினாறு வீடுகள், ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பத்தடி. பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. வீடு வீடாகப் போய் யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டு எழுதும் வேலைக்குப் பகுதி இளைஞர்களோடு நானும் போனேன். கையில் வெப்பமானி, ஒரு நாற்பது பக்க நோட்டு. மூன்று நாள் போனோம். மூன்று நாளும் அந்தச் சந்தில் ஒரே பதில்தான்: "இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல சார்."

நாலாம் நாள் எங்களோடு ஓர் அக்கா வந்தார். காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். மகளிர் குழுவில் கணக்கு எழுதுவதும் அவர்தான். வாரா வாரம் குழுத் தவணையை வாங்க அதே வீடுகளுக்குப் போய்வருபவர். எங்களைப் போல வாசலில் நின்று கேட்கவில்லை, படியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, பெரியவரு இருமுறது தெருக்கோடி வரைக்கும் கேக்குது. நீ இன்னா ஒண்ணுமில்லன்றே?"

அந்தப் பெண் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அக்காவிடம் சொன்னார்: "சொன்னா வாசல்ல தகரம் அடிச்சு மூடிடுவாங்கக்கா. அப்புறம் தண்ணி யாரு புடிச்சுத் தருவா? இவரு வண்டிய யாரு ஓட்டுவா?"

"நான் புடிச்சுத் தரேன். அரிசியும் வாங்கியாந்து தரேன். நீ சொல்லு."

அன்றைக்கு அந்த ஒரே சந்திலிருந்து ஐந்து பெயர்கள் நோட்டில் ஏறின.

அக்காவுக்கு மருத்துவப் பயிற்சி எதுவும் கிடையாது. அந்த வீடுகளோடு பத்து வருடப் பழக்கம் இருந்தது. தண்ணீர் பிடித்துத் தருகிறேன் என்றால் பிடித்துத் தருவார் என்ற நம்பிக்கையும் இருந்தது. பெருந்தொற்றுத் தயார்நிலை என்று பேசத் தொடங்கினால் பேச்சு உடனே ஆய்வகம், ஆக்சிஜன், தடுப்பூசி, நிதி என்று போய்விடுகிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அவை வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்னால், இந்தச் சந்தில் இந்த வாரம் வழக்கத்தைவிடக் காய்ச்சல் அதிகம் என்ற சேதி மேலே போயாக வேண்டும். அந்தச் சேதி கிளம்பும் இடத்தில் சுகாதாரத் துறை இருப்பதில்லை. அங்கே இருப்பவர்கள் தெருமுனை டாக்டர், மருந்துக் கடைக்காரர், அங்கன்வாடி டீச்சர், மகளிர் குழு, மீனவர் பஞ்சாயத்து, ஜமாத், பங்குக் கோயில். 'அமைப்புகளுடன் இணைந்து தேசியத் தயார்நிலையை வலுப்படுத்துதல்' என்று அரசுத் தாள்களில் வரும் வரியை நான் இந்த முனையிலிருந்துதான் படிக்கிறேன்.

மறைத்தவர்கள் அந்தச் சந்துக்காரர்கள் மட்டுமல்ல. அந்தக் கோடையில் சென்னையின் மண்டலவாரிப் பட்டியலில் ராயபுரம் வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் மாநகராட்சியோடு சேர்ந்து ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. நகரம் முழுக்கச் சராசரியாக 21.5 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. தண்டையார்பேட்டை மண்டலத்தில் அது 44 சதவீதம். அதாவது, ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர். பரிசோதனையில் உறுதியாகிப் பட்டியலில் ஏறியவர்களோ ஜூலை முடிவில் சென்னை முழுவதற்குமே ஒரு லட்சத்தை ஒட்டித்தான். அறிகுறியே இல்லாமல் வந்துபோனவர்கள் இதில் நிறையப் பேர் உண்டு. என்றாலும் கணக்குக்கும் உண்மைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில், தகரத்துக்குப் பயந்த வீடுகளும் இருந்தன என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஜெனீவாவில் தொடங்கும் சங்கிலி

கோவிட்டுக்குப் பிறகு மேல்மட்டத்தில் சில பெரிய ஏற்பாடுகள் நடந்துள்ளன. 2025 மே 20 அன்று ஜெனீவாவில் கூடிய 78ஆவது உலக சுகாதாரப் பேரவை, உலக சுகாதார நிறுவனத்தின் பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. கிருமி மாதிரிகளைத் தரும் நாடுகளுக்கு அதிலிருந்து உருவாகும் தடுப்பூசியிலும் மருந்திலும் என்ன பங்கு என்ற கடினமான கேள்வியை மட்டும் தனி இணைப்பாகப் பேசி முடிக்க ஒதுக்கி வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சர்வதேச சுகாதார விதிமுறைகள் திருத்தப்பட்டன. திருத்தங்கள் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தான நோய் தலைகாட்டினால் எந்த நாடு, எவ்வளவு சீக்கிரம், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று வகுத்திருப்பது இந்த விதிமுறைகள்தான்.

பணத்துக்கென்று 2022இல் உலக வங்கியில் பெருந்தொற்று நிதியம் அமைந்தது. அதன் பணம் நேரே அரசின் கையில் போய் விழுவதில்லை. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உணவு வேளாண்மை அமைப்பு, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் வழியாகத்தான் வரும். ஆகவே கூட்டாளிகளைத் தேடிப் பிடிப்பது ஒவ்வொரு நாட்டுக்கும் கட்டாயமாகிவிட்டது. இந்தியாவுக்கு இதிலிருந்து கிடைத்தது 2.5 கோடி டாலர், அதாவது சுமார் 210 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் ஒன்றிய கால்நடைத் துறை தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியும் உலக வங்கியும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டாளிகள். பணம் மனித மருத்துவத்துக்கு வரவில்லை, விலங்கு நலத்துக்கு வந்தது. அதில் நியாயம் இருக்கிறது. புதிதாக முளைக்கும் தொற்றுநோய்களில் பெரும்பாலானவை விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவுபவை.

உள்நாட்டில் 2004இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. 2021இல் 64,180 கோடி ரூபாய் மதிப்பில் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் சுகாதார உள்கட்டமைப்பு இயக்கம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் நிதி ஆயோக்கின் நிபுணர் குழு, ஒரு கொள்ளைநோய் கிளம்பியபின் முதல் 100 நாட்களில் என்னென்ன நடந்தாக வேண்டும் என்று அறிக்கை தந்தது.

இவற்றோடு இப்போது உலகமெங்கும் புழங்கும் ஓர் அளவுகோல், 7-1-7. நோய் தலைகாட்டிய 7 நாட்களுக்குள் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்த 1 நாளுக்குள் உரியவருக்கு அறிவிக்க வேண்டும், அடுத்த 7 நாட்களுக்குள் முதற்கட்ட நடவடிக்கைகளை முடித்திருக்க வேண்டும். எளிமையான கணக்கு என்பதால் எனக்குப் பிடிக்கும். இதை எங்கள் சந்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஏழில் மூன்று நாளை "ஒண்ணுமில்ல சார்" விழுங்கிவிட்டது. அந்த மூன்று நாளை மீட்டுத் தரும் எந்திரம் எந்த ஆய்வகத்திலும் இல்லை. அதை மீட்டவர் தவணை வசூலிக்கும் அக்கா.

மெட்ராஸ் ஏற்கெனவே செய்து காட்டியது

வெளி அமைப்புகளோடு சேர்வது நமக்குப் புதிதல்ல. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். காசநோயாளியைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வைத்தால்தான் குணமாகுமா, வீட்டிலிருந்தே மாத்திரை எடுத்துக்கொண்டால் போதுமா என்ற கேள்விக்கு அவர்கள் விடை தேடினார்கள். பாதி நோயாளிகள் சானடோரியத்துக்குப் போனார்கள், பாதிப் பேர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். நகரத்தின் நெருக்கடியான, ஏழ்மையான குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள் அவர்கள். சானடோரியத்தில் கிடைத்த சாப்பாடும் ஓய்வும் வீட்டில் கிடைக்கவில்லை. ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் 1959இல் வெளியான முடிவு உலகத்தின் காசநோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்டது: வீட்டுச் சிகிச்சையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணப்படுத்துகிறது, அதனால் வீட்டிலிருப்பவர்களுக்குத் தொற்று கூடவுமில்லை.

அந்த ஆய்வு நடந்த விதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். நான்கு பெரிய அமைப்புகள் கையெழுத்திட்டதால் மட்டும் அது வெற்றி பெறவில்லை. சுகாதாரப் பார்வையாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், குடும்பத்தோடு பேசினார்கள். பெரிய இடத்து ஒப்பந்தமும் சின்ன வீட்டு வாசலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

1986இல் இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகத் தெரியவந்ததும் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதித்துப் பார்க்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைத்து ரயிலில் வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். அரசுக் கல்லூரி மாணவி, கிறிஸ்தவ அறக்கட்டளை மருத்துவமனையின் ஆய்வகம், நடுவில் ஒரு ரயில் பயணம். ஒரு நாட்டின் எச்ஐவி கண்காணிப்பு இப்படித்தான் தொடங்கியது.

போலியோவை ஒழிக்க 1997இல் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் அமைத்த கண்காணிப்பு வலைப்பின்னலையும் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் திடீரென்று கால் தளர்ந்தால் அது எந்தக் குக்கிராமமானாலும் சேதி மேலே வந்தது. 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவான குழந்தைதான் கடைசி. 2014 மார்ச்சில் போலியோ இல்லை என்ற சான்றிதழ் கிடைத்தது. அதன் பிறகும் அந்த வலைப்பின்னலைக் கலைத்துவிடவில்லை, தட்டம்மைக்கும் மற்றத் தடுப்பூசிப் பணிகளுக்கும் திருப்பினார்கள். கூட்டணி உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அதற்கு அன்றாடம் ஒரு வேலை இருக்க வேண்டும்.

எல்லாம் இங்கேயே இருக்கிறது

வடசென்னையின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. பெருந்தொற்றுத் தயார்நிலைக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கின்றன. தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம், வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. புளியந்தோப்பில் ஆடு மாடு அறுக்கும் மாநகராட்சி இறைச்சிக்கூடம். கடலோரம் சென்னைத் துறைமுகம், வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம். 1992இல் உலகம் அதுவரை பார்த்திராத ஓ139 என்ற காலரா வகை முதலில் பிடிபட்ட நகரமும் இதுவே.

துறைமுகத்தில் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். வெளிநாட்டுக் கப்பல் வந்தால் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். 'கப்பலில் நோயில்லை, கரைக்கு வர அனுமதி தாருங்கள்' என்று அதற்குப் பொருள். கப்பல் தலைவர் சுகாதார அறிவிப்புப் படிவம் தர வேண்டும். துறைமுகச் சுகாதார அதிகாரி அனுமதித்த பிறகுதான் ஆட்கள் இறங்கலாம். பல தலைமுறைகளாகத் தேறிவந்த ஒழுங்கு இது. 1918இல் இன்ஃப்ளுயன்சா பம்பாய்த் துறைமுகம் வழியாக நாட்டுக்குள் நுழைந்து கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது.

அதே கடற்கரையில், மதில் தாண்டினால் காசிமேடு. விசைப்படகுகள் நாள்கணக்கில் கடலில் கிடந்து திரும்புகின்றன. ஆந்திராவிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் அவற்றில் வேலை செய்கிறார்கள். விடியற்காலை ஏலத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள். அங்கிருந்து மீன்கூடை நகரம் முழுக்கப் போகிறது. இந்தப் படகுகளுக்கு மஞ்சள் கொடி இல்லை, படிவமும் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. படகில் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் கண்டால் அது படகு உரிமையாளர் சங்கத்துக்குத் தெரியும், ஏலக்காரருக்குத் தெரியும், ஐஸ் உடைப்பவருக்குக்கூடத் தெரியும். தெரிந்த அவர்கள் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளவில்லை.

தெருமுனை டாக்டர்களின் நிலையும் இதுவே. வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ காய்ச்சல் வந்தால் பலரும் முதலில் ஸ்டான்லிக்குப் போவதில்லை. நூறு, இருநூறு வாங்கும் பக்கத்துக் கிளினிக், அதற்கும் முன்னால் மருந்துக் கடை. நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் களப்பணியாளருக்கு எஸ் படிவம், டாக்டருக்கு பி படிவம், ஆய்வகத்துக்கு எல் படிவம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், இப்போது எல்லாம் இணையத்தில். தனியாரும் அதில் பதிய வேண்டும். மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குள் அறுபது பேரைப் பார்க்கும் டாக்டர் எந்த நேரத்தில் பதிவார்? பதிந்தால் அவருக்கு என்ன திரும்பக் கிடைக்கும்? 2018இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் சீக்கிரம் பிடிபட்டதற்கு ஒரு தனியார் மருத்துவமனை டாக்டர்களின் சந்தேகம்தான் தொடக்கம். மாதிரி மணிப்பாலுக்குப் போனது, பிறகு புனேயின் தேசிய நச்சுயிரியல் நிறுவனம் உறுதி செய்தது. அந்த டாக்டர்களுக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருந்தது. கூப்பிட்டால் மதிப்பார்கள் என்றும் தெரிந்திருந்தது.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்

2020இல் மாநகராட்சி குடிசைப் பகுதிகளுக்கென்று தொண்டு நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டது, தன்னார்வலர்களை நியமித்தது, தெருவுக்குத் தெரு காய்ச்சல் முகாம் போட்டது. நல்ல முடிவுகள் அவை. பலரைக் காப்பாற்றின. ஆனால் எல்லாம் நெருப்புப் பிடித்த பிறகு தோண்டிய கிணறுகள். எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் நாலு தரப்பினர் வந்து ஒரே கேள்விகளைக் கேட்டுப் போனார்கள். எதிர்வீட்டுப் பாட்டி நாலாவது ஆளிடம், "எனக்குச் சக்கரை இருக்குன்னு எத்தினி வாட்டிப்பா சொல்றது?" என்று கதவைச் சாத்திவிட்டார். நாலு நோட்டும் நாலு இடத்துக்குப் போயின. பாட்டிக்கு மாத்திரை ஒருவரிடமிருந்தும் வரவில்லை.

எனவே அமைப்புகளோடு கைகோக்கும் எந்த ஒப்பந்தமும் சில அற்ப விஷயங்களை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்பேன். எந்தத் தெரு யாருடையது. சேகரித்த தகவல் யாரிடம் சேர வேண்டும், யாருக்குக் காட்டக் கூடாது. களத்தில் நிற்பவருக்குச் சம்பளம் யார் தருவது, அவருக்குத் தொற்று வந்தால் பொறுப்பு யாருடையது. திட்டக் காலம் மூன்று வருடத்தில் முடிந்த பிறகு பயிற்சி பெற்ற அந்தப் பெண்கள் எங்கே போவார்கள். அலை ஓய்ந்ததும் தன்னார்வலர்களை அனுப்பிவிட்டார்கள். அவர்கள் தலையில் இருந்த வரைபடமும் அவர்களோடு போய்விட்டது: எந்த வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர், எந்த மாடியில் எட்டுப் பேர் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர் அறை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சோறு. தனிமைப்படுத்தும் முடிவை எடுப்பவர், அந்த வீட்டுக்கு யார் எத்தனை மணிக்குத் தண்ணீரும் அரிசியும் கொண்டுபோவார் என்று அதே தாளில் எழுத வேண்டும். இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782 வாக்கில் பஞ்சத்தில் அடிபட்டு நகரத்துக்கு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது. கஞ்சி வாங்க வந்த இடத்தில் வைத்தியமும் கிடைத்தது. பசியோடு இருப்பவன் நோயை மறைப்பான் என்பது வடசென்னைக்கு இருநூற்று நாற்பது வருடமாகத் தெரியும்.

ஊர்க் கட்டமைப்பின் வேகத்தையும் குறைவாக எடைபோடக் கூடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். மூச்சு முட்டும் இருட்டில் யார் வீட்டில் நடக்க முடியாத பாட்டி, யார் வீட்டில் கைக்குழந்தை என்று தெரிந்தவர்கள் அண்டை வீட்டுக்காரர்கள்தான். பெருந்தொற்று வந்தாலும் அதே கைகள்தான் முதலில் கதவைத் தட்டும். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களை, அமைதியான நாளில், டெங்குவும் எலிக்காய்ச்சலும் வரும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பழக்கி வைத்திருக்க வேண்டும். டெங்குவுக்கு வேலை செய்யும் தொலைபேசி எண்தான் நாளை பெயர் தெரியாத காய்ச்சலுக்கும் வேலை செய்யும்.

போன ஐப்பசியில் அக்காவைப் பார்த்தேன். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, குழுக் கணக்கு நோட்டைக் காட்டினார். தவணைக் கட்டங்களுக்குப் பக்கத்தில் சில பெயர்களுக்கு நேரே பென்சிலில் சின்னதாகப் புள்ளி. காய்ச்சல் கண்டவர்களாம். 2020இல் தொடங்கிய வழக்கத்தை அவர் விடவே இல்லை. அந்த வாரம் ஒரே சந்தில் ஏழு புள்ளிகள்.

"யாருக்குச் சொன்னீங்கக்கா?" என்றேன்.

நோட்டின் பின்னட்டையைத் திருப்பினார். கொரோனா சமயத்தில் தந்த ஓர் எண் அங்கே பெரிதாக எழுதியிருந்தது. "மூணு வாட்டி போட்டுப் பாத்தேன்பா. அவரு மாத்தலாகிப் போய்ட்டாராம். இப்ப யாரு இருக்காங்கன்னு கேட்டா, அந்தப் பக்கம் பேசினவருக்கும் தெரியல."